போர்ஜியா: ஒரு குலப்பெயர் நடந்த வழி

நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டுகிறவர்கள் சவேரியார், ஞானப்பிரகாசியார் ஆகியோரின் பெயர்களோடு அவ்வப்போது ‘போர்ஜியா’ என்னும் பெயரையும் காண்பார்கள். அது இயேசு சபையின் மூன்றாம் பெருந்தலைவராய் விளங்கிய புனித பிரான்சிஸ் போர்ஜியாவின் நினைவாக இடப்படும் பெயர். ஆனால் ஐரோப்பிய வரலாற்றை ஓரளவு படித்த நண்பர் ஒருவரிடம் அப்பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் சுளிப்பார். நஞ்சும் சூழ்ச்சியும் பதவி வேட்கையும் நிறைந்த ஒரு குடும்பத்தின் பெயராகவே அவர் அதனை அறிந்திருப்பார். திருச்சபையைக் குறைகூற வருவோர் முதலில் கையிலெடுக்கும் கல்லும் இப்பெயரே. இரு சாராரும் சொல்வது உண்மையே என்பதுதான் இப்பெயரின் சிறப்பும் சங்கடமும் ஆகும்.

தமிழரிடையே குலப்பெயர் வழக்கம் ஐரோப்பியருடையதைப் போன்றதன்று. தந்தையின் பெயரின் முதலெழுத்து நமக்குத் தலைப்பெழுத்தாகிறது. அடுத்த தலைமுறையில் அது மறைந்து வேறோர் எழுத்து அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முத்துக்குளித்துறை போன்ற கடலோர ஊர்களில்தான், 16ஆம் நூற்றாண்டில் திருமுழுக்குப் பெற்றோர் போர்த்துக்கீசியரிடமிருந்து ஏற்ற பர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ போன்ற பெயர்கள் இன்றளவும் தலைமுறை தலைமுறையாய் இறங்கி வருகின்றன. ஆனால் அங்கும் பெயர் வந்ததேயன்றிப் பெயருக்குரிய குடும்பத்தின் கடன்களும் பழிகளும் உடன் வரவில்லை. ஐரோப்பாவிலோ ஒரு குலப்பெயர் என்பது நிலம், பட்டம், பகை, பழி அனைத்தையும் சுமந்து செல்லும் வண்டி. அத்தகைய வண்டியொன்றை அதன் புறப்பாட்டிலிருந்து பின்தொடர்வோம்.

எசுப்பானியாவின் அரகோன் நாட்டில், சரகோசா மாநிலத்தில், மொன்காயோ மலைக்கு அண்மையில் போர்ஹா என்றொரு சிற்றூர் உள்ளது. பண்டைக் காலத்திலேயே அது ‘புர்சாவு’ என்னும் பெயரோடு நாணயம் அச்சிட்ட ஊர். 2012ஆம் ஆண்டில் அவ்வூரின் இரக்க அன்னை திருத்தலத்தில் இருந்த முள்முடி சூடிய இயேசுவின் சுவரோவியம் ஒன்றை மூதாட்டி ஒருவர் பக்தியோடு செப்பனிடப் போய் அது உருக்குலைந்ததையும், உலகமே அதைக் கண்டு நகைத்ததையும், பின்னர் அதைப் பார்க்கவே ஆயிரக்கணக்கானோர் அங்குச் சென்று கட்டணம் செலுத்தியதையும் செய்தித்தாள்களில் பலர் படித்திருப்பர். நகைப்புக்கிடமான அந்த ஊர்தான் நாம் பேசும் குலப்பெயரின் தாயகம். 13ஆம் நூற்றாண்டில் அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸ் வலென்சியா நாட்டை இசுலாமியரிடமிருந்து கைப்பற்றியபோது, அவருடன் சென்ற போர்ஹா ஊரார் சிலர் ஷாத்திவா நகரில் குடியேறினர். ஊரின் பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. அவர்கள் வழித்தோன்றல்கள் உரோமைக்குப் போனபின், இத்தாலியரின் நாவில் அது ‘போர்ஜியா’ ஆயிற்று.

அக்குடும்பத்தை உலகம் அறியச் செய்தவர் ஒரு சட்ட அறிஞர். ஷாத்திவாவுக்கு அருகில் 1378ஆம் ஆண்டின் கடைசி நாளில் பிறந்த அல்போன்சோ தெ போர்ஹா, லெரிதா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்று, அங்கேயே கற்பித்து, அரகோன் மன்னரின் அவையில் இடம்பெற்றவர். மேலைத் திருச்சபை பல திருத்தந்தையரின் பெயரால் பிளவுண்டு கிடந்த காலம் அது. அப்பிளவின் கடைசி எச்சமாய்ப் பெனிஸ்கோலா கோட்டையில் ஒதுங்கியிருந்த எதிர்த்திருத்தந்தையைப் பேசி இணங்கவைத்து 1429இல் பதவி துறக்கச் செய்தவர் இவரே. வலென்சியா ஆயர் பதவி அதற்குப் பரிசாய்க் கிடைத்தது. 1455இல், 76ஆம் வயதில், எவரும் எதிர்பாராத வகையில் அவர் மூன்றாம் கலிஸ்து என்னும் பெயரோடு திருத்தந்தையானார். முதியவர், இடைக்காலத்திற்கு ஏற்றவர் என்பதே கர்தினால்மாரின் கணக்காக இருந்திருக்கும்.

மூன்றே ஆண்டுகள் ஆண்ட இம்மனிதரை வரலாறு போதிய அளவு நினைப்பதில்லை என்பது நம் கருத்து. 1431இல் எரித்துக் கொல்லப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க் என்னும் இளம்பெண்ணின் வழக்கை மறு விசாரணைக்கு எடுக்க இசைவு தந்தவர் அவர். 1456 ஜூலையில் அப்பழைய தீர்ப்பு செல்லாதென அறிவிக்கப்பட்டது. ஒரு திருச்சபை நீதிமன்றம் செய்த அநீதியை மற்றொரு திருச்சபை நீதிமன்றம் வெளிப்படையாய் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது. புனித வின்சென்ட் பெரரை 1455இல் புனிதராக அறிவித்தவரும் அவரே. நண்பகல் மணியொலி கேட்கும்போது செபிக்கும் நம் வழக்கத்திற்கும் அவர் காலத்தோடு தொடர்புண்டு: துருக்கியப் படை பெல்கிரேடை நெருங்கிய 1456இல், நாள்தோறும் மணியடித்து மக்கள் மன்றாட வேண்டுமெனக் கட்டளையிட்டார். அவ்வெற்றியின் நன்றியாக ஆண்டவரின் உருமாற்றப் பெருவிழாவை ஆகஸ்டு 6ஆம் நாள் திருச்சபை முழுவதும் கொண்டாடப் பணித்தார். 1458இல் அவர் இறந்ததும் அதே ஆகஸ்டு 6ஆம் நாள்தான். அவர் வால்மீனைச் சபித்தார் என்றொரு கதையுண்டு. அது பிற்காலத்தார் கட்டியது.

இத்தகைய நேர்மையாளருக்கும் ஒரு பலவீனம் இருந்தது: உறவினர் பாசம். அயல்நாட்டில் பகைவர் நடுவே ஆளும் முதியவர் தம் இரத்த உறவையே நம்புவது இயல்புதான். ஆனால் இயல்பானது எல்லாம் நல்லது ஆகிவிடாது. 1456இல் தம் சகோதரிமாரின் புதல்வர் இருவரைக் கர்தினால்களாக்கினார். அவர்களுள் ஒருவர் 25 வயதே ஆன ரொட்ரிகோ. மறு ஆண்டே திருச்சபையின் துணை வேந்தர் பதவியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பங்குப் பேரவையிலும் பள்ளி நிர்வாகத்திலும் ‘நம்மவர்’ ஒருவருக்கு இடம் தேடும் நமக்கு, அம்முதியவரின் மனம் புரியாததன்று.

ரொட்ரிகோவைப்பற்றி முதலில் ஒன்று சொல்லவேண்டும்: அவர் மிகத் திறமையானவர். ஐந்து திருத்தந்தையரின் கீழ் 35 ஆண்டுகள் துணை வேந்தராக நீடிப்பது திறமையற்றவரால் ஆகாது. ஆனால் அவரது வாழ்வு குருத்துவத்திற்கு ஒவ்வாததாய் இருந்தது. 1460இலேயே இரண்டாம் பத்திநாதர், சியேனா நகர்த் தோட்டமொன்றில் நடந்த களியாட்டத்திற்காக இந்த இளம் கர்தினாலைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். கண்டனம் பலிக்கவில்லை. வனோட்சா என்னும் பெண்மணி வழியாக அவருக்குச் சேசரே, ஜுவான், லுக்ரேசியா, ஜோஃப்ரே எனும் மக்கள் பிறந்தனர். வேறு பிள்ளைகளும் இருந்தனர். 1492 ஆகஸ்டில் அவர் ஆறாம் அலெக்சாந்தர் என்னும் பெயரோடு திருத்தந்தையானார். அத்தேர்தலில் பதவிகளும் ஆதாயங்களும் கைமாறின என்பதைக் கத்தோலிக்க வரலாற்றாசிரியர்களே மறைக்கவில்லை.

அவர் ஆட்சியில் நிகழ்ந்த ஒன்று நம் நாட்டையும் தொட்டது. 1493இல் அவர் வெளியிட்ட ஆணை அட்லாண்டிக் கடலில் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேற்கே கண்டறியப்படும் நிலங்களை எசுப்பானியாவுக்கு உரிமையாக்கிற்று. மறு ஆண்டு தொர்தெசில்லாஸ் நகரில் இரு நாட்டு அரசுகளும் அக்கோட்டை இன்னும் மேற்கே தள்ளி ஒப்பந்தம் செய்தன. கிழக்கு போர்த்துக்கல்லின் பங்காயிற்று. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபோது ஆண்டுகொண்டிருந்த திருத்தந்தை இவரே. போர்த்துக்கீசிய மன்னரின் ஞானாதிக்க உரிமை பல திருத்தந்தையரின் ஆணைகளால் படிப்படியாய் வளர்ந்தது. ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் நம் பங்குகள் பலவற்றைப் பிளந்த பதுரவாதோ – புரோபகாந்தா பூசலின் வேர்களைத் தோண்டினால், அவற்றுள் ஒன்று இந்தப் போர்ஜியாவின் மேசைவரை செல்லும்.

1497 ஜூன் 14ஆம் நாள் இரவு அவருடைய அன்பு மகன், காந்தியாவின் கோமகன் ஜுவான், உரோமைத் தெருவில் கொல்லப்பட்டார். உடல் பல காயங்களோடு திபேர் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. கொன்றவர் யார் என்பது இன்றும் துலங்கவில்லை. தந்தை உணவின்றி உறக்கமின்றி அறைக்குள் அழுதார். பின்னர்க் கர்தினால்கள் முன் வந்து, இது தம் பாவத்திற்குக் கடவுள் தந்த தண்டனை என ஏற்று, திருச்சபையைச் சீர்திருத்த ஆறு கர்தினால்கள் கொண்ட குழுவை அமைத்தார். அக்குழு உழைத்தது, ஆணையின் வரைவும் ஆயத்தமாயிற்று. ஆனால் அது வெளியிடப்படவே இல்லை. துயரம் தணிந்தது, பழைய வாழ்வு திரும்பிற்று. அவர் செய்த பாவங்களைவிட, கையெழுத்திடாமல் விட்ட இந்த ஒரு தாளே நம்மை அதிகம் வருத்துகிறது. மார்ட்டின் லூதர் அப்போது 13 வயதுச் சிறுவன்.

அவர் மக்களைப்பற்றிச் சுருங்கச் சொல்லலாம். சேசரே 18 வயதில் கர்தினாலாகி, 1498இல் அப்பதவியைத் துறந்து வாளேந்தியவர். மாக்கியவல்லி தம் ‘இளவரசன்’ நூலில் அவரை முன்மாதிரியாகக் கொண்டதும், லியொனார்தோ தா வின்சி 1502இல் அவரிடம் படைப் பொறியாளராய்ப் பணியாற்றியதும் அனைவரும் அறிந்தவை. தந்தை 1503இல் இறந்ததும் அவர் கட்டிய அரசு சரிந்தது. 1507 மார்ச் 12இல், 31ஆம் வயதில், நவார் நாட்டின் வியானா நகரருகே தம் மைத்துனரான நவார் மன்னருக்காகப் போரிட்டு மாண்டார். அதே மன்னரின் அவையில் உயர் அலுவலராய் இருந்தவர் ஹுவான் தெ ஹாஸ்ஸோ. அவருடைய சவேரியார் கோட்டையில் அப்போது பதினொரு மாதக் குழந்தையொன்று தவழ்ந்துகொண்டிருந்தது. அக்குழந்தையே பின்னாளில் நம் கடற்கரையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிய புனித பிரான்சிஸ் சவேரியார்.

லுக்ரேசியாவுக்கு உலகம் பெரும் அநீதி இழைத்தது. நஞ்சு வைப்பவள் என்று அவரைச் சித்திரித்தவற்றுள் முக்கியமானவை 1833இல் விக்தர் யூகோ எழுதிய நாடகமும் அதைத் தழுவிய தொனிசெத்தியின் இசை நாடகமும். அவர் எவரையும் நஞ்சூட்டிக் கொன்றதற்குச் சான்றில்லை. மும்முறை அரசியல் காரணங்களுக்காக மணம் முடித்து வைக்கப்பட்டவர். இரண்டாம் கணவர் 1500இல் கொல்லப்பட்டதைக் கண்டவர். பெர்ராரா நகரின் கோமகளாய் அறிஞர்களைப் பேணி, பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் இணைந்து, துறவியர் மடமொன்றை நிறுவி, 1519இல் பிள்ளைப்பேற்றின் பின் 39 வயதில் இறந்தார். ஆண்கள் செய்ததற்கெல்லாம் ஒரு பெண்ணின் பெயரை வைப்பது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

இனி, கொலையுண்ட ஜுவானின் வீட்டிற்கு வருவோம். அவருடைய இளம் கைம்பெண் மரியா என்ரீக்கெஸ் வலென்சியாக் கடற்கரை நகரான காந்தியாவில் இரு குழந்தைகளோடு எஞ்சினார். அவர் உரோமைக்குப் போகவில்லை. கோமகனின் சொத்தைச் செவ்வனே காத்து மகனை வளர்த்தார். மகள் இசபெல் காந்தியாவிலிருந்த ஏழை கிளாரா மடத்தில் துறவு பூண்டார். மகனை ஆளாக்கியபின் தாயும் அதே மடத்தில் மகளோடு சேர்ந்துகொண்டார். புனித பிரான்சிஸ் போர்ஜியாவின் வரலாறுகளில் இவ்விரு பெண்களுக்கும் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. அவ்வண்டி திசை திரும்பிய இடம் அம்மடத்தின் வாயிலே என்று நாம் எண்ணுகிறோம்.

மரியாவின் பேரனாய் 1510 அக்டோபர் 28இல் காந்தியா அரண்மனையில் பிறந்தவர் பிரான்சிஸ். தந்தை வழியில் அவர் ஆறாம் அலெக்சாந்தரின் கொள்ளுப்பேரன். தாய் வழியிலோ, மன்னர் பெர்தினாந்துக்கு மணவுறவின்றிப் பிறந்து சரகோசா பேராயராயிருந்த ஒருவரின் பேரன். இரு புறமும் திருச்சபை வெட்கப்படத்தக்க வமிசம். மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் தலைமுறை அட்டவணையில் தாமார், இராகாபு, உரியாவின் மனைவி ஆகியோர் இடம்பெறுவதை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில் வாசிக்கிறோம். அவ்வாசகத்தை விளக்குகையில் பிரான்சிசை நினைவுகூர்வது பொருந்தும்.

அவர் பேரரசர் ஐந்தாம் சார்லசின் அவையில் வளர்ந்து, 1529இல் லெயொனோர் தெ காஸ்த்ரோவை மணந்து, எட்டு மக்களுக்குத் தந்தையானார். 1539 மே முதல் நாள் பேரரசி இசபெல்லா தொலேதோவில் இறந்தபோது, உடலைக் கிரனாதாவரை கொண்டுசெல்லும் பொறுப்பு அவருடையதாயிற்று. அடக்கத்திற்கு முன் பெட்டியைத் திறந்து, இது பேரரசியின் உடலே எனச் சான்றளிக்க வேண்டியிருந்தது. பேரழகியென உலகம் போற்றிய முகம் அடையாளம் காண இயலாதவாறு சிதைந்திருந்தது. அக்காட்சி அவரை உலுக்கிற்று. ஆயினும் அவர் அன்றே துறவியாகிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன்பின் நான்காண்டுகள் கத்தலோனியாவின் அரசப் பிரதிநிதியாய்க் கொள்ளையரை ஒடுக்கினார். 1543இல் காந்தியாவின் கோமகனானார். 1546இல் மனைவியை இழந்த பின்னரே இயேசு சபையில் சேரத் தீர்மானித்தார். இஞ்ஞாசியார் அவரை அவசரப்படுத்தவில்லை. பிள்ளைகளுக்கு வாழ்வு அமையும்வரை செய்தியை மறைத்து வைத்திருக்கச் சொன்னார். இல்லறக் கடமைகளை உதறிவிட்டு வருவது அர்ப்பணம் ஆகாது என்பதை அப்பெரியவர் அறிந்திருந்தார். ஆகவே கோமகன் உடையிலேயே 1548இல் இரகசியமாக வார்த்தைப்பாடு அளித்தார்.

1550 யூபிலி ஆண்டில் அவர் உரோமைக்குச் சென்றார். அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யூபிலி ஆண்டை நடத்தியவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. அக்குடும்பம் உரோமையிலிருந்து எடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதுபோல், மறு ஆண்டு தொடங்கவிருந்த உரோமைக் கல்லூரிக்குத் தம் பொருளை வழங்கினார். 1551இல் குருவானார். 1555இல் தொர்தெசில்லாஸ் அரண்மனையில் அரை நூற்றாண்டு அடைபட்டுக் கிடந்த அரசி ஜுவானாவின் மரணப் படுக்கையருகே நின்று ஆறுதல் கூறினார். கொள்ளுத்தாத்தா கிழித்த கோட்டை அரசர்கள் திருத்தி ஒப்பமிட்ட அதே நகரம்!

புனிதருக்கும் திருச்சபை முட்களைத் தராமல் இல்லை. 1559இல் எசுப்பானிய விசாரணை மன்றம் வெளியிட்ட தடைசெய்யப்பட்ட நூற்பட்டியலில் அவர் பெயரால் வெளிவந்த பக்தி நூலும் இடம்பெற்றது. கைதாகும் அச்சத்தால் போர்த்துக்கல்லில் ஒதுங்கி வாழ்ந்தார். 1565இல் சபையின் பெருந்தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டார். புளோரிடா, பெரு, மெக்சிகோ நாடுகளுக்கு முதல் இயேசு சபையாரை அனுப்பியவர் அவரே. நம் முத்துக்குளித்துறையில் தமிழ் இலக்கணமும் சமய நூல்களும் ஆக்கி உழைத்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாருக்கும் அந்த ஏழாண்டுகள் அவரே தலைவர். உரோமையில் இயேசு ஆலயத்தின் அடிக்கல் 1568இல் நாட்டப்பட்டபோது, அதன் செலவை ஏற்றவர் கர்தினால் அலெக்சாந்தர் பர்னேசே. இக்கர்தினாலின் பாட்டனார் மூன்றாம் பவுல் திருத்தந்தை. இயேசு சபைக்கு ஒப்புதல் அளித்தவரும் திரெந்து பொதுச்சங்கத்தைக் கூட்டியவருமான அந்தப் பவுலுக்கு, தங்கையின் செல்வாக்கால், 1493இல் செந்தொப்பி அணிவித்தவர் ஆறாம் அலெக்சாந்தர்! கடவுள் கோணல் கோடுகளிலும் நேராக எழுதுவார் என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கோணல் கோணல்தான். அதனால் நசுங்கியவர்களும் இருந்தார்கள். அதை மறந்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடாது.

1571இல் திருத்தந்தையின் பணிப்பின்பேரில் நோயுற்ற உடலோடு எசுப்பானியா, போர்த்துக்கல், பிரான்சு நாடுகளுக்குப் பயணமானார். திரும்பும் வழியில் நலிவுற்றுப் பெர்ராராவில் தங்கினார். அங்கு அவரைப் பேணியவர் லுக்ரேசியாவின் பேரனாகிய கோமகன் இரண்டாம் அல்போன்சோ. அங்கிருந்து உரோமை வந்து சேர்ந்து, 1572 செப்டம்பர் இறுதி நாளின் நள்ளிரவில் உயிர் நீத்தார். 1671இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அதன்பின் இப்பெயர் உலகெங்கும் ஊர்களாய் முளைத்தது. பெரு நாட்டு மரஞோன் ஆற்றங்கரையில் 1619இல் எழுந்த போர்ஹா, அப்போதைய அரசப் பிரதிநிதியும் புனிதரின் வழித்தோன்றலுமான கவிஞர் ஒருவரின் நினைவால் பெயர்பெற்றது. பிரேசிலில் 1682இல் இயேசு சபையார் குவரானி மக்களுக்காக அமைத்த சாவோ போர்ஜா, பின்னாளில் இரு குடியரசுத் தலைவர்களைத் தந்தது. இத்தாலியின் கலாப்ரியாவிலும் போர்ஜியா என்றோர் ஊர் உண்டு.

வெல்லேத்ரி நகரத்துப் போர்ஜியா குடும்பத்தையும் விட்டுவிடலாகாது. அவர்களுக்கும் வலென்சியாவினருக்கும் பெயரளவிலான உறவுக்கு மேல் அதிகம் சொல்ல இயலாது. ஆனால் அக்குடும்பத்துக் கர்தினால் ஸ்தேபனோ போர்ஜியா நம் நாட்டுக்கு நெருங்கியவர். 1770 முதல் விசுவாசப் பரப்புதல் பேராயத்தின் செயலராய் இருந்து, மறைபரப்பாளர் அனுப்பிய சுவடிகளையும் கலைப்பொருள்களையும் தம் வீட்டு அருங்காட்சியகத்தில் சேர்த்தார். மெக்சிகோவின் புகழ்பெற்ற ஓவியச் சுவடி ஒன்று இன்றும் அவர் பெயரையே தாங்கி வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. மலபாரில் பணியாற்றித் திரும்பிய கார்மேல் துறவி பவுலீனுஸ் அடிகளார் 1790இல் உரோமையில் சமற்கிருத இலக்கணத்தை அச்சிட்டதும், 1793இல் அவ்வருங்காட்சியகத்தின் மலபார், சயாம், பெகு நாட்டுச் சுவடிகளுக்குப் பட்டியல் வெளியிட்டதும் இக்கர்தினாலின் ஆதரவால்தான். ஆறாம் அலெக்சாந்தர் கடலைக் கோடிட்டுப் பிரித்தார். மூன்று நூற்றாண்டுக்குப்பின் மற்றொரு போர்ஜியா அக்கடல்களுக்கு அப்பாலிருந்து வந்த ஏடுகளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆள் தேடினார்.

காந்தியாக் கோமகன்களின் ஆண்வழி 18ஆம் நூற்றாண்டில் அற்றுப்போயிற்று. அவர்கள் அரண்மனையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபையார் விலைக்கு வாங்கினர். புனிதரின் எலும்புகள் 1617இல் மத்ரீதுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1931 மேயில் அங்கு ஆலயங்கள் கொளுத்தப்பட்டபோது அவையும் நெருப்பில் சிக்கின. சாம்பலிலிருந்து ஒரு பகுதி மட்டும் மீட்கப்பட்டது. திருத்தந்தையர் இருவரின் எலும்புகளோ பேதுரு பேராலயத்திலிருந்து அகற்றப்பட்டு, 1610இல் உரோமையிலுள்ள எசுப்பானியரின் மொன்செராத் அன்னை ஆலயத்தில் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கு ஒரு கல்லறை எழுப்ப 1889வரை எவருக்கும் மனம் வரவில்லை. ஜோன் ஆஃப் ஆர்க்கின் வழக்கைத் திறந்த முதியவரும் சீர்திருத்த ஆணையை மூடி வைத்த மருமகனும் அங்கே ஒரே கல்லறையில் கிடக்கின்றனர்.